ஓட்ட மாஸ்டர்

நான் ஆபிரிக்காவுக்குத் திரும்பிப் போனது மிருகம் பாக்க இல்லை. பழி தீர்க்க. இப்பிடிச் சொன்னால் என்ரை மனுசன், சனத்துக்கு முன்னால அப்பிடிக் கதையாதை எண்டுவார். அவருக்கென்ன, அவற்றை தேப்பனுக்கு ஊருக்குள்ள நல்ல பேர். என்ரை அப்பாவுக்கு இருந்த பேர் ஓட்ட மாஸ்டர்.

எங்கடை ஆக்களிட்டை ஒரு பழக்கம். ஆருக்காவது ஒரு பட்டம் தெளிச்சினமெண்டால் அது சாகும்வரைக்கும் விடாது, செத்தாலும் விடாது. கடல் தாண்டி, பனி தாண்டி கூடவே வரும். மொன்றியலில பார்க் எக்ஸ்டென்ஷன் மரக்கறிக் கடையில ரெண்டு பேர் அப்பாவைப் பற்றிக் கதைக்க, எந்த மாஸ்டர் எண்டு ஒருத்தர் கேட்டால் மற்றவர் உந்த ஓட்ட மாஸ்டர் எண்டுவார். உடன விளங்கியிடும். எனக்குக் கலியாணம் பேசேக்கையும் அப்பிடித்தான். ஆற்றை மோள் எண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேக்க, தரகர் ஓட்ட மாஸ்டரின்ரை மோள் எண்டு சொல்லிப்போட்டார். ஏன் ஓடினவர், ஆரையும் ஏமாத்திப்போட்டு ஓடினவரோ எண்டு மாப்பிள்ளையின்ரை தாய் கேட்டவவாம். அண்டைக்கு முழுக்க அம்மா அழுதுகொண்டு இருந்தவ. எங்கடை குடும்பத்துக்குத் தலைகுனிவைத் தேடித் தந்த மனுசன் எண்டு அப்பாவைப் பேசினவ. அப்பா தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தார்.

அந்தப் பட்டத்தைத் தெளிச்சவர் சாம்பியாவில அப்பாவோட ஒரே பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவர். அப்பா கணக்கு, அவர் பௌதிகம். அந்தக் காலத்தில யாழ்ப்பாணத்து வாத்திமார் கனபேர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனவை. சொந்தமில்லை, எண்டாலும் நான் மாமா எண்டுதான் கூப்பிடுறது. பேந்து அவரும் மொன்றியல், நாங்களும் மொன்றியல். அவர் நோத்ர-டாம்-த-கிரேஸில, நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில. ஒரே தமிழ்க் கோயில், ஒரே பூசை. ஞாயிற்றுக்கிழமையில அவற்றை முகத்தைப் பாக்காமல் எனக்கு நற்கருணை கிடைச்சதில்லை.

நடந்ததைச் சொல்லுறன். நான் அங்கை நிண்டனான். எனக்கு அப்ப ஒன்பது வயசு.

பள்ளிக்கூட விடுமுறைக்கு மாமா தன்ரை பிக்கப்பில அப்பாவையும் என்னையும் காஃபுவே ஆற்று வெளியில இருக்கிற ஒரு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா கைக்குழந்தையோட வீட்டில. பூங்கா எண்டவுடன நான் பூமரமும் ஊஞ்சலும் இருக்குமெண்டு நினைச்சுக்கொண்டு வெளிக்கிட்டனான். போய்ப் பாத்தால் ஒண்டும் இல்லை. வானமும் தண்ணியும் புல்லும். அங்கை வெள்ளம் மழையோட வராது. மழை முடிஞ்சு, வானத்தில ஒரு முகில்கூட இல்லாத நேரத்தில, எங்கையோ தூரத்தில பெய்த மழை ஆற்றோட மெல்ல மெல்ல இறங்கி வந்து அந்தத் தட்டை வெளியில பரவும். சத்தம் சிலமன் ஒண்டும் இல்லை. காலமை புல்லு நிண்ட இடத்தைப் பின்னேரம் பாத்தால் தண்ணி மினுங்கும். கறையான் புத்துகள் மட்டும் தீவுகள் மாதிரி மேல நிக்கும், ஒவ்வொண்டுக்கு மேலயும் ஒரு பறவை இருக்கும்.

முழங்கால் தண்ணியில லெச்வே எண்ட மான்கள் நிக்கும். கிடாய்க்குப் பின்பக்கம் வளைஞ்ச நீளக் கொம்பு. தரையில அதுகள் ஓடுறதைப் பாத்தால் நொண்டுற மாதிரி இருக்கும், தண்ணிக்கை இறங்கினால்தான் அதுகளின்ரை வேகம் தெரியும். ஒண்டு வெருண்டால் முழு மந்தையும் வெருளும். அப்ப வாற சத்தம் தகரக் கூரையில மழை கொட்டுற சத்தம்.

விடியக்காலமை மூண்டு பேரும் வாகனத்தை விட்டிறங்கி மான் பாக்க நடந்தம். நிலத்தோட பனிப்புகார். அப்பதான் புல்லுக்கையிருந்து அந்தச் சத்தம் வந்தது. நெஞ்சுக்குள்ள உருளுற சத்தம். ஊம்... ஊம் ஊம்... திரும்பவும் ஊம்... ஊம் ஊம்... மாமா சிங்கமெண்டு கத்தினார். கத்தினதுதான் எனக்குத் தெரியும், திரும்பிப் பாக்க ஆளில்லை. ஒரு செருப்பு மட்டும் சேத்துக்கை கிடந்தது. பேந்து பிக்கப் ஸ்டார்ட் ஆகிற சத்தம். எங்களை அந்த வெளியில விட்டிட்டு அந்த மனுசன் வாகனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா என்னைத் தூக்கிப் புத்துக்கு மேல வைச்சிட்டு, எனக்கு முன்னால நிண்டார். கையில ஒரு தடிகூட இல்லை. அவருக்கும் கால் நடுங்கினது, நான் கண்டனான். ஆனா நிண்டார். கொஞ்ச நேரத்தில புல்லு விலகிச்சுது. வெளியில வந்தது ரெண்டு பறவையள். கறுப்பு, வான்கோழியிலும் பெரிசு, கழுத்தில சிவப்புப் பை. பென்சன் எடுத்த ரெண்டு அதிபர்மார் காலமை உலாவப் போற மாதிரி நடந்து வந்து, எங்களை ஒருக்கால் பாத்து, கழுத்துப் பையை ஊதி, ஊம் ஊம் எண்டுதுகள். இருவாச்சியின்ரை இனமாம், மரத்தில இருக்கிறதை விட்டிட்டு நிலத்தில நடந்து திரியிற சாதி. பேர் எல்லாம் பேந்துதான் எனக்குத் தெரியும். அண்டைக்கு அப்பா, குருவியடி பிள்ளை, குருவி எண்டு சொல்லிச் சொல்லிச் சேத்துக்கை இருந்து சிரிச்சார்.

நாங்கள் நடந்து முகாமுக்கு வர, மாமா அங்கை கதையை அவிச்சு இறக்கி வைச்சிட்டார். சிங்கம் வந்ததாம், மாஸ்டர் பயத்தில பிள்ளையையும் தூக்கிக்கொண்டு திசை தெரியாமல் ஓடினாராம், தான்தான் ஆக்களைக் கூட்டிவர வாகனத்தை ஓடிக்கொண்டு வந்தவராம். கதை பள்ளிக்கூடத்துக்கு வரேக்கை அப்பா ஓட, மாமா நிண்டவர். மொன்றியலுக்கு வரேக்கை மாமா சிங்கத்தின்ரை கண்ணைப் பாத்தவர், சிங்கம் தலையைக் குனிஞ்சுகொண்டு போனது. அந்த நேரம் எங்கடை சனத்துக்கு, ஒரு தமிழன் சிங்கத்துக்கு முன்னால அசையாமல் நிண்டானெண்டால் அது வேறை கதை. இலங்கைக் கொடியில வாளைத் தூக்கிக்கொண்டு நிக்கிற சிங்கம்தானே எல்லாற்றை கண்ணிலயும் நிண்டது. கலைவிழாவுக்குக் கலைவிழா அவரை மேடையில ஏத்தி அந்தக் கதையைச் சொல்ல வைச்சினம். சனம் எழும்பி நிண்டு கை தட்டினது. ஒவ்வொரு கைதட்டலிலயும் அப்பா இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினார்.

நான் சொல்லிப் பாக்காமல் விடேல்லை. குருவி எண்டு அம்மாவுக்குச் சொன்னன். தேப்பனைக் காப்பாத்தச் சொல்லுறாள் எண்டு அம்மா நினைச்சா. மாமிமாருக்கும் சொன்னன், சிரிச்சினம். குருவி சிங்கம் மாதிரிக் கத்துமோ, ஆருக்குக் காது குத்துறாய் எண்டினம். நீங்களே சொல்லுங்கோ எண்டு அப்பாவைக் கேட்டன். விளக்கம் சொல்ல வெளிக்கிட்டால் இன்னும் சிரிப்பினம், விடு பிள்ளை எண்டிட்டார். அப்பாவில எனக்கு அதுக்கு இண்டைக்கும் கோவம்தான்.

மனசுக்கை வைச்சுக் காக்கிற கறுவம் எண்டால் என்னவெண்டு எனக்குத் தெரிஞ்சது அப்பான்ரை செத்தவீட்டிலதான். பெட்டி திறந்து கிடக்குது, அப்பாவுக்கு அவற்றை சாம்பல் கோட்டு, கையில செபமாலை. மாமா பழைய கூட்டாளி எண்டு மைக்கைக் குடுத்தினம். அவர் பெட்டிக்குக் கிட்டப் போய், முகத்தைத் துக்கமா வைச்சுக்கொண்டு சொன்னார்:

"எங்கடை ஓட்ட மாஸ்டர் இண்டைக்குத்தான் ஓடாமல் படுத்திருக்கிறார்."

சனம் சிரிச்சது. செத்தவீட்டில. என்ரை அப்பான்ரை முகத்துக்கு மேல. அம்மாவும் லேஞ்சியால வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவ, அதையும் நான் கண்டனான். கோடி அற்புதர் அந்தோனியார் தொலைஞ்ச சாமானைத் தேடித் தாறவர் எண்டு சொல்லுவினம். அண்டைக்கு அந்த இடத்திலயே அவருக்கு நேர்ந்தனான். என்ரை அப்பான்ரை பேரைத் தேடித் தா, அதோட இந்தப் புழுகன்ரை மூக்கையும் உடைச்சுத் தா எண்டு கேட்டன். புனிதரிட்டைக் கேக்கிற கேள்வியோ எண்டால், ஓம், கேட்டனான்தான்.

நான் பிள்ளை பாக்கிற ஒரு கார்தெரியில வேலை, நாள் முழுக்கச் சின்னப் பிள்ளையளோட. பிள்ளையளுக்கு மிருகச் சத்தம் போட்டுக் காட்டுறதுதான் என்ரை பிழைப்பு. என்ரை மோள் சொன்னாள், அம்மா, அந்தப் பறவை இன்டர்நெட்டில கிடக்கு, அதைப் போட்டுக் காட்டுங்கோ எண்டு. கிடக்குத்தான். ஆனா எனக்கு மாமாவைத் தெரியும். அது வேறை இடத்துப் பறவை, எங்கடை இடத்தில நிண்டது சிங்கம்தான் எண்டு வழுக்கிப்போடுவார். அதே வெளி வேணும், அதே சத்தம் வேணும், நான் அதுக்கை நிக்கவும் வேணும். விடுமுறைக்கு எங்கையும் போகாமல் இருந்து இருந்து கடைசியில மனுசனையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டன். ஒரு குருவிக்கு ஆபிரிக்காவோ எண்டு அவர் பிளேனில கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த வெளி மாறிக் கிடந்தது. நான் சின்னனில கண்ட மந்தையில அரைவாசிகூட இல்லை. கரை முழுக்க ஒரு முள்ளுப் பத்தை, ஆளுயரத்துக்கு. கிட்டப் போய் இலையைத் தொட்டன், சுருங்கிச்சுது. எங்கடை தொட்டாச்சிணுங்கியின்ரை பெரிய அக்கா. வேறை தேசத்திலயிருந்து வந்து மான் மேயிற புல்லை எல்லாம் பிடிச்சுப்போட்டுதெண்டு எங்களோட வந்த வழிகாட்டி சொன்னார். ஆற்றை அடைச்ச அணைக்குப் பிறகு வெள்ளமும் தன்ரை நேரத்துக்கு வராதாம். எனக்கு அதைக் கேக்கவும் கோவம்தான் வந்தது. என்ரை இடத்தில ஆரைக் கேட்டு அணை கட்டினீங்கள் எண்டமாதிரி ஒரு கோவம்.

ஆனா தண்ணி இறங்கின பக்கம் போனால், அடக் கடவுளே. வெள்ளைக் கூழைக்கடாக்கள் ஒரு பக்கம், கழுத்தில சதை தொங்கிற பெரிய கொக்குகள் சோடி சோடியா ஒரு பக்கம். நீர்யானையளின்ரை காதும் மூக்கும் மட்டும் வெளியில. தண்ணி வத்தின இடத்தில கரிசல் மண் பாளம் பாளமா வெடிச்சு, அந்த வெடிப்புக்கை மீன் தேடி நாரையள். பின்னேர வெயிலில மந்தை ஒண்டு தண்ணியைக் கடக்க, தெறிச்ச தண்ணி எல்லாம் செம்பு நிறமா நிண்டுது. வடிவு பாக்க வரேல்லை நான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு பாத்தன். மனுசன் சிரிச்சார். அவரை முறைச்சன்.

வழிகாட்டி சிங்கம் காட்டட்டோ எண்டு கேட்டார். சிங்கம் வேண்டாம், நிலத்தில நடக்கிற கறுப்புப் பறவை வேணும் எண்டன். அவருக்குப் பெரிய சந்தோசம். அதை இங்கத்தைச் சனம் கொல்லாயினம், மழையைக் கூட்டிக்கொண்டு வாற பறவை எண்டு சொல்லுவினம் எண்டார். ரெண்டு காலமை போனம், கிடைக்கேல்லை. பிறகொரு விடியலில, பனிப்புகாருக்கை, அந்தச் சத்தம்.

பொய் சொல்லேல்லை, நானும் ரெண்டு அடி பின்வாங்கினன். குருவி எண்டு தெரிஞ்சு, அதுக்கெண்டே வந்து நிண்ட நானே பின்வாங்கினன். மனுசன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டார். அப்ப ஒரு நிமிசம், பாவம் அந்த மாமாவும் பயந்திருப்பார்தானே எண்டு மனசு இளகப் பாத்தது. நான் விடேல்லை. பயந்தது பிழையில்லை. ஆரும் பயப்பிடலாம். ஒன்பது வயசுப் பிள்ளையையும் கூட்டாளியையும் விட்டிட்டு ஓடினதுகூட ஒருவேளை பொறுக்கலாம். ஓடினவன் நிண்டவன்ரை தலையில அந்த ஓட்டத்தைக் கட்டினான் பாருங்கோ, அதுக்கு மன்னிப்பில்லை. போனை நீட்டிப் பிடிச்சன். முதல் சத்தம் மட்டும். பிறகு புல்லு விலகி அதுகள் நடந்து வந்து கழுத்தை ஊதிக் கத்திறது எல்லாம் வடிவா விழுந்தது. அந்த இடத்திலயே அந்தோனியாருக்கு நன்றி சொன்னன்.

மாமாவின்ரை எண்பதாவது பிறந்தநாள் செயின்ட்-மிஷேலில ஒரு மண்டபத்தில, ஞாயிறு பூசை முடிஞ்சு மத்தியானச் சாப்பாட்டோட. அவற்றை மகளிட்டை முன்னமே கதைச்சு வைச்சிட்டன். உங்கடை அப்பாவின்ரை ஆபிரிக்காவை வீடியோ எடுத்துக்கொண்டு வந்தனான், அவருக்கு ஒரு சர்ப்ரைஸ் எண்டன். அந்தப் பிள்ளை என்னைக் கட்டிப் பிடிச்சு மெர்சி அக்கா எண்டாள். அவளில எனக்கு ஒரு கோவமும் இல்லை. அம்மாவுக்கு நல்ல சீலை உடுத்தி முன்வரிசையில கொண்டுபோய் இருத்தினன்.

கேக் வெட்டினபிறகு மாமா மைக்கைப் பிடிச்சார். சொல்லாமல் விடுவாரோ? சிங்கம், கண், குனிஞ்ச தலை, ஓடின மாஸ்டர். சனத்துக்குப் பாடம், எண்டாலும் சிரிச்சினம். அவர் இருக்கவும் நான் எழும்பினன். மாமா, உங்கடை அந்த வெளிக்கே போய் ஒரு சத்தம் பிடிச்சுக்கொண்டு வந்தனான், என்னவெண்டு நீங்கள்தான் சொல்லவேணும் எண்டன். திரையை இருட்டாவே விட்டிட்டுச் சத்தத்தை மட்டும் போட்டன்.

ஊம்... ஊம் ஊம்...

மாமா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். இதுதான், இந்தச் சத்தம்தான், இதுதான் அந்தச் சிங்கம் எண்டார். வடிவாக் கேளுங்கோ மாமா, நிச்சயமோ எண்டன். இதை நான் செத்தாலும் மறப்பனோ எண்டார். திரும்பவும் போட்டன், திரும்பவும் கேட்டன். ஞானஸ்நானத்தில சாமியார் கேக்கிறமாதிரி ஒவ்வொருக்காலும் கேட்டு, எல்லாருக்கும் கேக்க ஓம் எண்டு சொல்ல வைச்சன். பிறகு படத்தைப் போட்டன்.

புல்லு விலகிச்சுது. அதுகள் ரெண்டும் ஆடி ஆடி நடந்து வந்துதுகள். கழுத்துப் பை ஊதிச்சுது. ஊம் ஊம்.

மாமாவுக்குப் பக்கத்தில நிண்ட பேத்தி திரையைப் பாத்து, "தாத்தா, செ துன் டேந்த்" எண்டாள். வான்கோழியாம். பிறகு வந்த சிரிப்பு இருக்கே, அது கலைவிழாக் கைதட்டலைவிடப் பெரிசு. சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த பெடியள்கூட அகப்பையை வைச்சிட்டுச் சிரிச்சினம். நான் சிரிக்கேல்லை. சனம் அடங்கும்வரைக்கும் நிண்டு, அவரிட்டைப் போய் மைக்கை அவற்றை வாய்க்குக் கிட்டப் பிடிச்சன்.

"மாமா, அப்ப அண்டைக்கு ஓடினது ஆர்?"

மாமா வேர்த்துப் போனார். சுத்திப் பாத்தார். எப்பிடியாவது தப்பவேணுமெண்ட அவசரத்தில தன்ரை பழைய கதையையே பிடிச்சார்.

"நான்... நான் வாகனமெல்லோ ஓடினனான்."

யாழ்ப்பாணத்தில காரையும் ஓடுறதெண்டுதான் சொல்லுறது, காலால ஓடுறதையும் ஓடுறதெண்டுதான் சொல்லுறது. அந்த மண்டபத்தில அதை ஆரும் ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஓடினவர் சொல்லிப்போட்டார் எண்டு பின்னாலயிருந்து ஒருத்தர் கத்த, மேசையில தட்டித் தட்டிச் சனம் சிரிச்சது. அப்பதான் அம்மா கதிரையில இருந்தபடியே, ஆருக்கெண்டில்லாமல், அவருக்கு வாகனம் ஓடவே தெரியாதே எண்டா. உண்மைதான். அப்பா கடைசிவரைக்கும் லைசென்ஸ் எடுக்கேல்லை. அம்மாவின்ரை முகம் வெளிறிப் போய்க் கிடந்தது. நாப்பது வருசத்துக்கு மேல அந்தக் கதையைக் கேட்டவ, மாமா அங்கை நிண்டவரெண்டால் பிக்கப்பை ஆர் எடுத்துக்கொண்டு போனதெண்டு ஒருக்கால்கூட யோசிக்கேல்லை.

மாமா என்ரை கையைப் பிடிச்சார். கண் கலங்கியிருந்தது. பாவமெண்டு வந்துதோ எண்டு என்ரை மனுசன் பேந்து காரில கேட்டார். வரேல்லை. ஒரு துளி வரேல்லை. அவற்றை மகள் அழுததுக்கு மட்டும் கொஞ்சம் மனம் நொந்தது. மற்றபடி, இத்தினை வருசப் பசிக்குச் சோறு கண்ட மாதிரி இருந்தது எனக்கு. கோயில் வாசலில இனி அவரைக் கண்டால் சனம் வான்கோழி மாஸ்டர் எண்டுதான் சொல்லும் எண்டு நினைக்க நினைக்க இனிச்சுது. வீடு வரும்வரைக்கும் அம்மா யன்னலால பாத்துக்கொண்டு வந்தா.

வீட்டை வந்து சீலைகூட மாத்தேல்லை, ரொறன்ரோவில இருக்கிற சின்னம்மாவுக்குப் போன் எடுத்தா. நான் குசினியில தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டு கேட்டன். அம்மாவின்ரை குரல் அழுகையும் சிரிப்புமா இருந்தது.

"எடி, சங்கதி தெரியுமே? எங்கடை ஓட்ட மாஸ்டர் ஓடவே இல்லையாம்."

கேத்திலை அடுப்பில விட்டிட்டு வந்து போனைப் பறிச்சன். அம்மா, அவருக்குப் பேர் இருக்கு, ஞானஸ்நானத்தில வைச்ச வடிவான பேர் இருக்கு, அதைச் சொல்லுங்கோ எண்டு கத்தினன். அம்மா என்னைப் பாத்தா. கோவமே இல்லை அவவுக்கு.

"இருக்குத்தான். ஆனா அந்தப் பேரைச் சொன்னால் ஆரெண்டு ஆருக்கடி தெரியும்?"